மிக அருகில் இருப்பவர்

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், யாழி."

"கேளுங்க."

"இப்பவே கேக்கணுமான்னுதான் யோசிக்கேன்."

"கையிலதான மசாலா இருக்கு, காதுல இல்லல்லா? கேளுங்க."

வேலவன் சிரிக்கவில்லை. மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றான். முழங்கை வரை மிளகாயும் இறாலும் பூசிய கைகள். மேடையில் முதன்முதலாக நிரப்பிய ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அவள் பெயர் ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு வேண்டாம். இன்னொரு நாள் கேக்குதேன்" என்று சொல்லிவிட்டு, வாசற்படியைத் தாண்டாமலே திரும்பிப் போனான்.

அந்த இன்னொரு நாள் வராமலே இரண்டு மழைக்காலங்கள் போய்விட்டன. யாழிசை அன்றைக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊறுகாய்க்கு உப்பு போதுமா என்பதுதான் அப்போது அவளுக்குக் கவலை. இப்போதோ அந்தப் பேச்சு வேளை கெட்ட வேளையில் எல்லாம் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் கேட்காமல் விட்டதை அவளே கேட்டு முடித்தாள். 'என்னை விட்டுவிடு' என்று கேட்க வந்தானோ? 'எனக்கு வேறொருத்தி இருக்கிறாள், பொறுத்துக்கொள்' என்று சொல்ல வந்தானோ?

தூத்துக்குடியில் வீட்டுக்கு ஒருவருக்காவது ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போயிருந்த காலம் அது. கடல் சூடேறியதால் என்றார்கள். பண்ணை இறாலுக்கும் பருப்புக்கும் வந்த புது விதைகளால் என்றார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். காரணம் எதுவோ, நேற்றுவரை ஆசையாகத் தின்ற பண்டம் இன்றைக்குத் தொண்டையை அடைத்தது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, நின்ற இடத்தில் ஆள் சரிந்தது. அமாவாசை, பௌர்ணமி வந்தால் கடற்கரைத் தெருக்களில் கடல்நீர் கணுக்கால் வரை ஏறி நிற்கும். ஆம்புலன்ஸ் சுற்றுவழியில் வந்து சேர்வதற்குள் உயிர் நேர்வழியில் போய்விடும்.

அதனால்தான் 'அருகு' வந்தது. மணிக்கட்டில் ஒரு மெல்லிய சாம்பல் நிற வளையம். உடம்பு தன்மேலேயே சண்டைக்குக் கிளம்பும்போது, ஆளுக்குத் தெரிவதற்குச் சற்று முன்னாலேயே வளையத்துக்குத் தெரிந்துவிடும். உடனே அது துடித்து, பக்கத்தில் இருக்கும் தொண்டர்களைத் தேடும். மிக அருகில் இருக்கும் மூன்று பேர் கையில் வளையம் துடிக்கும். அவர்கள் மருந்துப் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தொடையில் அழுத்தினால் ஊசி இறங்கும், மருந்து ஏறும், மூச்சு திரும்பும். ஆஸ்பத்திரி அதற்கப்புறம்தான்.

ஆரம்பத்தில் ஒரு தொண்டர் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. டீக்கடையில் உட்கார்ந்து, 'இன்னார் வீட்டுப் பெண் நேற்று பிழைத்ததே என்னால்தான்' என்று பெருமை பேசினார் அவர். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். 'சீக்குக்காரியை எங்கள் தலையில் கட்டப் பார்த்தீர்களா' என்று மாப்பிள்ளை வீட்டார் பாக்குத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு அதன்பிறகு ஒரு வரனும் வரவில்லை. அதிலிருந்து இரண்டு கட்டுப்பாடுகள். காப்பவருக்கும் காக்கப்படுபவருக்கும் ஒரே மாதிரி வளையம். பார்த்தால் யார் எவர் என்று தெரியக்கூடாது. இன்னொன்று, தொண்டருக்கு வாய் கிடையாது. எங்கே போனேன், யாரைப் பார்த்தேன் என்று கட்டிய மனைவியிடமும் கட்டிய புருஷனிடமும்கூடச் சொல்லக்கூடாது. விளக்கின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தால்தான் வளையம்.

ஊருக்கு நல்லது செய்யப் போட்ட பூட்டு எத்தனை வீட்டில் புகைந்தது என்று ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

வேலவன் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு மேற்பார்வையாளன். 'அருகு' தொடங்கிய நாளிலிருந்து தொண்டன். வளையம் துடித்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவான். பழுப்பு நிறப் பையை எடுத்துக்கொண்டு, "வந்துருதேன் யாழி" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். யாழிசைக்கு அதில் பெருமை உண்டு. நீயும் சேரக் கூடாதா என்று பலரும் கேட்டார்கள். ஊசியைப் பார்த்தால் அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். மகள் நறுமுகைக்குத் தடுப்பூசி போடும்போதுகூட அவள் வெளியே போய் நின்றுகொள்வாள். குழந்தையைப் பிடித்துக்கொண்டதெல்லாம் வேலவன்தான். அந்த நறுமுகை இப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

இந்த இரண்டு வருஷமாகத்தான் கணக்கு உதைத்தது. முன்பெல்லாம் எப்போதாவது துடித்த வளையம் இப்போது அடிக்கடி துடித்தது. அதுவும் அவன் வீட்டில் இருக்கும்போதுதான் துடித்தது. துறைமுகத்தில் வேலை செய்கிற நாட்களில் அப்படியொன்றும் இல்லை என்று அவனுடைய சிநேகிதன் ஒருவனே விளையாட்டாகச் சொன்னான். போனவன் உடனே திரும்புவதும் இல்லை. திரும்பும்போது சட்டையில் அவர்கள் வீட்டில் இல்லாத ஒரு சோப்பு வாசனை. கழுத்தில் ஒருமுறை சிவந்த தடம். கேட்டாள். "கொசு" என்றான். தூத்துக்குடி வெயிலில் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். இறாலென்றால் உயிரை விடுபவன், கொழுப்பு என்று சொல்லி அதைத் தொடுவதை நிறுத்தினான். புழுக்கம் என்று பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். அவள் தோளில் கை போட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தபோது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் பவித்ரா. ஊறுகாய் வேலைக்கு வருகிறவள். வாய் சும்மா இருந்தால் கை ஓடாது அவளுக்கு.

"நான் கோவப்படுத மாதிரி நீ என்னைக்குச் சொல்லாம இருந்திருக்க? சொல்லு."

"மொத தெருவுல என் கொழுந்தனும் தொண்டர்தான். மாசத்துக்கு ஒருதடவ ஓடுனா பெருசு. நம்ம அண்ணன் என்னடான்னா ஓட்டப்பந்தயத்துல பேர் குடுத்த மாதிரில்லா ஓடுதாவ."

"இந்தப் பக்கம் ஆளுங்க ஜாஸ்தி."

"எந்தப் பக்கம்? எப்பவும் அந்த விளையாட்டு டீச்சர் வீட்டுப் பக்கம்தான் திரும்புதாவ. நான் வேணும்னு பாக்கலக்கா. தண்ணி பிடிக்க நிக்கும்போது கண்ணு தானா போச்சு."

யாழிசை இறாலின் முதுகு நரம்பை உருவிக்கொண்டே இருந்தாள்.

ஷெரின் டீச்சர் இரண்டு வீடு தள்ளி, முடுக்குச் சந்து திரும்பியதும் இருக்கிறவள். கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள். பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி ஊதி, விசில் இல்லாத நேரத்திலும் அதே அதிகாரத்தில் பேசுவாள். அவள் கையிலும் சாம்பல் வளையம் உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு மக்ரூன் டப்பாவை நீட்டியவள், "நல்லாருக்கியா யாழி?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்தது இரக்கம். புருஷனைப் பறிகொடுப்பவளைப் பார்த்துத்தானே பெண்கள் அப்படி இரக்கப்படுவார்கள்?

தெருவே அப்படித்தான் பார்ப்பதாக அவளுக்குப் பட்டது. வளையக்காரர்கள் கூடி நின்று பேசும்போது அவள் தலை தெரிந்தால் பேச்சு அறுந்தது. தினகரன் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்கு நல்லெண்ணெய் வாங்கப் போனபோது, மனசு பொறுக்காமல் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு இவ்வொளுக்கு ஏன் இவ்வளவு அழைப்பு வருது? உங்களுக்கும்தான் வளையம் இருக்கு. நீங்க கடைய விட்டு இறங்குனதையே நான் அதிகம் பாக்கலியே."

அண்ணாச்சி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். புனலிலிருந்து எண்ணெய் வழிந்து மேசையில் ஓடியது.

"எனக்கு வாய் கிடையாது தாயி. தெரியும்லா?"

"புருஷனப் பத்திப் பொஞ்சாதி கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம். நான் சொல்லத்தான் கூடாது." துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனச்சுக்கிடாத. அடுப்ப மொட்டை மாடிக்கு மாத்திப் பாரேன். ஒரு கூரை போட்டுக்கிட்டா போச்சு. காத்தோட்டமா இருக்கும்."

யாழிசை எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்னை மாடிக்கு அனுப்பிவிட்டால் கீழே யார் வருகிறார், யார் போகிறார் என்று நான் பார்க்க முடியாது, அதுதானே? இந்த மனுஷரும் உடந்தை.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை கையில் இருந்ததைக் கீழே வைத்தவள் அவள். திருநெல்வேலியில் கல்லூரி வேலை. அவனுக்குத் துறைமுகத்தில் இடம் கிடைத்ததும் விட்டுவிட்டாள். பிறகு ஒரு தையல் கடை, நன்றாகவே ஓடியது. மாமனார் படுக்கையில் விழுந்ததும் மூடிவிட்டாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளும் அதை யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. மூன்றாவதாகத்தான் இந்த ஊறுகாய். இதைத் தொடங்கிய நாளிலிருந்துதான் அவன் விலகினான். என் கையில் ஒன்று வளர்ந்தால் இவனுக்குப் பொறுக்கவில்லையா? ஒரு கேள்வி வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது.

ஒரு வியாழக்கிழமை அவள் பின்னாலேயே போனாள்.

அன்றைக்குக் காலையில் இறால் வெந்துகொண்டிருந்தபோது வளையம் துடித்தது. "வந்துருதேன்" என்றான். குரல் கரகரத்தது. அவள் அடுப்பைப் பவித்ராவிடம் விட்டுவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நடந்தாள். அவன் ஓடவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு வேகமாக நடந்து முடுக்கில் திரும்பினான். ஷெரின் வீட்டுக் கதவு அவன் தட்டுவதற்கு முன்பே திறந்தது. எதிர்பார்த்துக் காத்திருந்த கதவு.

பக்கவாட்டு ஜன்னல் பாதி திறந்திருந்தது. யாழிசை பார்த்தாள். கட்டிலில் அவள் புருஷன் சட்டையில்லாமல் சாய்ந்திருந்தான். ஷெரின் ஈரத்துண்டால் அவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டாள் ஷெரின். "அவகிட்ட நீங்க சொல்லுதீங்களா, இல்ல நான் சத்தியத்த மீறட்டுமா?"

"சொல்லக் கூடாது டீச்சர். அவ தாங்க மாட்டா" என்றான் வேலவன்.

யாழிசை வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். மகளுக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டாள். வேலவன் திரும்பி வந்தபோது காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் டம்ளரை வாங்கும்போது விரல் படாமல் வாங்கினான். அதையும் குறித்துக்கொண்டாள். அவனே வாயைத் திறக்கிற மாதிரி செய்ய வேண்டும், டீச்சரைப் பார்க்கப் போகாமல் ஒருமுறையாவது அவனை நிறுத்த வேண்டும் என்று மட்டும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதற்கு வாய்த்தது. சென்னைக்குப் பெரிய ஆர்டர். பவித்ரா வரவில்லை. யாழிசை ஒற்றை ஆளாகப் பெரிய வட்டாவில் இறாலைக் கொட்டி அவித்தாள். பௌர்ணமித் தண்ணீர் தெருவில் ஏறியிருந்ததால் முன் ஜன்னலைத் தவிர மற்ற எல்லாம் சாத்தியிருந்தது. ஆவி அடுக்களை தாண்டி முன்னறைக்கும் போயிற்று. அங்கே இரவு வேலை முடித்து வந்த வேலவன் கைலியோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் எழுவதற்கு முன்னால் அவள் இரண்டு காரியம் செய்தாள். வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். ஆணியில் தொங்கிய பழுப்புப் பையை எடுத்துப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். வைக்கும்போது கை ஒரு நொடி தயங்கியது. நிஜமாகவே யாருக்காவது உயிர் போகிற அழைப்பு வந்தால்? அழைப்பு மூன்று பேருக்கு வரும். மற்ற இரண்டு பேர் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பீரோவைச் சாத்தினாள்.

வளையம் துடித்தது.

வேலவன் தூக்கத்திலிருந்து எழுந்து ஆணியைப் பார்த்தான். கதவை இழுத்தான். மறுபடியும் ஆணியைப் பார்த்தான்.

"யாழி, பை எங்க?"

"எதுக்கு?"

"துடிக்குதுல்லா. கதவத் திற."

"மூணு பேருக்குத்தான வரும்? இன்னைக்கு மத்தவங்க போகட்டும்."

"யாழி..." அவன் தொண்டையைத் தடவினான். குரல் கல்லில் உரசியது போல வந்தது. "விளையாடாத. திற."

"யாரு அவ? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, திறந்துவிடுதேன். நான் பாத்துட்டேன். வியாழக்கிழமை ஜன்னல் வழியா எல்லாத்தையும் பாத்துட்டேன். எனக்குத் தாங்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? தாங்குதேன். சொல்லுங்க!"

அவன் தலையை ஆட்டினான். வாய் திறந்தது, சொல் வரவில்லை. கதவில் முதுகை வைத்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தான். பதில் இல்லாதவன் செய்கிற நாடகம் என்றுதான் அந்தக் கணத்திலும் அவளுக்குத் தோன்றியது. இப்படி எத்தனை நாள் பேசாமலே சமாளித்திருக்கிறான்!

தெருத்தண்ணீரில் யாரோ சளார் சளார் என்று ஓடிவரும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குத் திரும்பினாள். ஷெரின் ஓடிவந்துகொண்டிருந்தாள். கழுத்தில் விசில் ஆட, கையில் அதே மாதிரிப் பழுப்புப் பை. அவளுக்குப் பின்னால் தினகரன் அண்ணாச்சி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயசில், மூச்சிரைக்க.

யாழிசைக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. ஷெரின் கூப்பிட்டுத்தானே இவன் போக வேண்டும்? அப்படியானால் ஷெரின் ஏன் ஓடுகிறாள்? எங்கே ஓடுகிறாள்?

ஷெரின் அடுத்த வீட்டைத் தாண்டினாள். இவர்கள் வீட்டு வாசலில் ஏறினாள். கதவு அதிர்ந்தது.

"யாழி! கதவத் திற! அழைப்பே அவருக்குத்தான்!"

இடுப்பிலிருந்து சாவி வரவில்லை. வந்தபோது பூட்டின் துளை கிடைக்கவில்லை. வேலவனின் உதடுகள் வீங்கியிருந்தன. கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. கொசு என்று அவன் சொன்ன அதே தடம். அவனை நகர்த்திக் கதவைத் திறக்க அவள் குனிந்து தோளைப் பிடித்து இழுத்தாள். திறந்த வேகத்தில் ஷெரின் உள்ளே பாய்ந்தாள்.

"கைய எடு! இறால் கையோட அவரத் தொடாத! அண்ணாச்சி, அடுப்ப அணைங்க, ஜன்னல் எல்லாத்தையும் திறங்க!"

யாழிசை கையை எடுத்தாள். சுட்டுக்கொண்டவள் போல இரண்டு கைகளையும் தூக்கியபடி சுவரோடு ஒட்டி நின்றாள். ஷெரின் அவனைத் தரையில் கிடத்தி, கைலியின் மேலேயே தொடையில் பேனாவை ஊன்றினாள். 'க்ளிக்' என்ற சத்தம் வருவதற்கு முன்பே யாழிசையின் கண்கள் மூடிக்கொண்டன. திறந்தபோது அவன் கால்களுக்கு அடியில் இரண்டு தலையணைகள் இருந்தன. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எழும்பக் கூடாது. அப்படியே படுங்க. ஆம்புலன்ஸ் மேட்டுத் தெரு வழியா வருது" என்றாள் ஷெரின். பிறகு யாழிசையைப் பார்க்காமலே, "நீ போய் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு. அப்புறம் வந்து அழு" என்றாள்.

அவள் கழுவினாள். எத்தனை முறை கழுவினாலும் வாசனை போகாத மாதிரி இருந்தது. பின்னால் அண்ணாச்சி வந்து நின்றார்.

"அவன் உடம்புக்கு இறால் ஆகாம ரெண்டு வருஷமாச்சு தாயி. மொதல்ல தின்னாத்தான் வந்துது. பொறவு ஆவி பட்டாலே வருது. காத்து மாறிப் படுத்துக்கிட்டா பாதி நாளு மாத்திரையோட போயிரும். போகலன்னா ஊசி, ஆஸ்பத்திரி. பக்கத்துல ஆள் வேணும்லா? அதான் அவனே டீச்சர் வீட்டுக்கு வந்துருவான், நாங்க ஓடி வர வேண்டாம்னு பேச்சு; இன்னைக்கு அவன் வரலன்னதும்தான் ஓடி வந்தோம்."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே அண்ணாச்சி."

"கட்டுனவகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம். நோயாளி அவன், அவன் சொல்லாம நாங்க எப்படிச் சொல்ல? அடுப்ப மாடிக்கு மாத்துன்னு நான் சொன்னதே பாதி சத்தியத்த மீறினது."

ஆம்புலன்ஸ் வருவதற்குள், அண்ணாச்சியை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ஷெரின் அவளைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். "இந்தச் சேலையோட அவர் பக்கத்துல உக்கார விடமாட்டாங்க. குளி. என் துணிய உடுத்திக்கோ." குளியலறையில் சோப்பை எடுத்ததும் யாழிசைக்குக் கை நின்றுவிட்டது. அவன் சட்டைகளில் இரண்டு வருஷமாக மோந்து மோந்து வெந்த வாசனை அது. அந்த வாசனையோடு அவள் வெளியே வந்தாள். ஷெரினின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டீச்சர், நான் உங்கள..."

"தெரியும். என்ன நெனச்சிருப்பன்னு உன் முகத்துலயே எழுதியிருந்துச்சு. என் இடத்துல யாரு இருந்தாலும் நீ அதத்தான் நெனச்சிருப்ப. எனக்குத்தான் ராத்திரியில தூக்கம் வரல." ஷெரின் அவள் கையில் சீப்பைக் கொடுத்தாள். "ஒண்ணு மட்டும் கேளு. ஒவ்வொரு தடவையும் அவர் வளையம் மொதல்ல தேடுறது மிக அருகில இருக்க ஆளத்தான். அது நீதான் யாழி. அடுக்களையில, பத்தடி தள்ளி. உன் கையில வளையம் இல்ல. அதனால உன்னத் தாண்டி எங்கிட்ட வருது."

ஆஸ்பத்திரியில் அவனைச் சாயங்காலம் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அடங்கியது சில சமயம் திரும்பவும் கிளம்புமாம். யாழிசை கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஷெரினின் டிராக் பேண்டும், பள்ளி விளையாட்டு விழா என்று முதுகில் அச்சடித்த பனியனும் அவளுக்குத் தொளதொளவென்று தொங்கின. வேலவன் கண் விழித்து அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்தப் பந்தயத்துக்குக் கிளம்பிட்ட?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. அவன் நீட்டிய கையைப் பிடிக்கலாமா என்று தயங்கினாள். பிறகு பிடித்தாள்.

"பைய ஒளிச்சது நான்தான்."

"தெரியும்."

"உங்களுக்குன்னு தெரிஞ்சா ஒளிச்சிருப்பனா? ஆனா யாருக்கோன்னு நெனச்சுத்தான் ஒளிச்சேன். யாரோ ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கட்டும், அடுத்தவங்க பாத்துக்கட்டும்னு. அத நெனச்சாத்தான்..."

அவன் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஊறுகாய் இன்னையோட முடிஞ்சது. வட்டாவ வித்துருதேன்."

"பாத்தியா? இதுக்குத்தான் சொல்லல." அவன் எழுந்திருக்கப் பார்த்தான், அவள் அமர்த்தினாள். "எனக்காக ரெண்டு தடவ கைய வெறுங்கையாக்கிட்ட. நீ சொல்லிக்காட்டல. எனக்குத் தெரியாமலா இருக்கும்? அன்னைக்கு அந்த பாட்டிலுல உன் பேர ஒட்டி வெச்சுட்டு நீ நின்ன நிலைய நான் பாத்தேன். மூணாவது தடவையும் நானே புடுங்க மாட்டேன்னு நெனச்சேன். அதுல நான் பண்ணது பெரிய தப்பு, அது வேற. ஆனா ஊறுகாய் நிக்கக் கூடாது. அண்ணாச்சியோட சரக்குக் கிட்டங்கி சும்மாதான் கிடக்கு. அங்க போடு அடுப்ப. வீட்டுக்கு வரும்போது குளிச்சுட்டு வா."

"அப்ப அன்னைக்கு நீங்க கேக்க வந்தது, இத நிறுத்துன்னு இல்லையா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். வெளியே தண்ணீர் வடிந்த தெருவில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

"மொத தடவ எனக்கு வந்தப்போ கடற்கரை ரோட்டுல விழுந்தேன். யாரு யாரோ ஓடிவந்தாங்க. நல்லவங்கதான். ஆனா மூச்சு நிக்கப்போற மாதிரி இருந்துச்சுல்லா, அப்ப யாருடைய முகமும் எனக்குத் தெரிஞ்ச முகமா இல்ல. அத நெனச்சாத்தான் பயமா இருக்கும். உன்கிட்ட கேட்டுரணும்னு வந்தேன். ஊசின்னா நீ கண்ண மூடிக்கிடுவ. கேட்டா எல்லாத்தையும் சொல்ல வேண்டி வரும். அதான் முழுங்கிட்டேன்."

"இப்ப கேளுங்க."

"நீ பயப்படுவ."

"பயப்பட்டுக்கிட்டே கேக்கேன். கேளுங்க."

வேலவன் அவள் பக்கம் திரும்பினான். வளையம் இல்லாத அவள் மணிக்கட்டைக் கட்டைவிரலால் தடவினான்.

"அடுத்த தடவ நான் தெருவுக்கு ஓட மாட்டேன், யாழி. நீயே போட்டு விடு. கண்ண மூடாம, என்னப் பாத்துக்கிட்டே."